காரில் கார்பன் சேர்ந்துவிட்டதா? பட்டறையில் பணம் கொடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

நிபோங் திபால் - சாலை விளக்கில் நிற்கும்போது கார் நடுங்குகிறது. காலையில் முடுக்கினால் இரண்டு மூன்று முறை இருமிவிட்டுத்தான் இஞ்சின் சீராகிறது. முன்பு ஒரு முறை எண்ணெய் ஊற்றினால் ஓடிய தூரம் இப்போது ஓடுவதில்லை. இப்படிச் சொல்லிக்கொண்டு பட்டறைக்குப் போனால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "இஞ்சினில் கார்பன் சேர்ந்திருக்கிறது, சுத்தம் செய்ய வேண்டும்."

செலவு எவ்வளவு என்று கேட்டால்தான் குழப்பம் தொடங்குகிறது. ஒரு பட்டறையில் சில பத்து ரிங்கிட், இன்னொன்றில் பல நூறு ரிங்கிட், மூன்றாவது இடத்தில் ஹெட்டையே கழற்ற வேண்டும் என்கிறார்கள். மூவரில் ஒருவர் ஏமாற்றுகிறார் என்று உடனே முடிவு கட்டிவிட முடியாது. கார்பன் இஞ்சினுக்குள் ஒரே இடத்தில் படிவதில்லை. படியும் இடத்துக்கு ஏற்ப அதை நீக்கும் முறையும் செலவும் மாறுகின்றன. எந்த இடத்தில் படிந்திருக்கிறது என்று பார்க்காமலே ஒரு முறையைத் தேர்ந்தெடுத்தால்தான் பணம் வீணாகிறது.

நிபோங் திபால் வட்டாரத்தில் இது சின்ன விஷயமல்ல. கலிடோனியா, பைராம், விக்டோரியா, டிரான்ஸ்கிரியான் என்று தோட்டங்களைச் சுற்றி வளர்ந்த ஊர் இது. தோட்ட வேலையை விட்டு ஜாவி, வால்டோர், பத்து காவான் தொழிற்பேட்டைகளுக்கும் பாலம் கடந்து பாயான் லெப்பாசுக்கும் வேலைக்குப் போகும் குடும்பங்களுக்கு, வீட்டில் உள்ள ஒரு பழைய மைவியோ சாகாவோதான் சம்பளத்துக்கு வழி. 2025-ஆம் ஆண்டு முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அந்த வருமானத்தில் தேவையில்லாத ஒரு பழுது வேலை மாதச் செலவையே புரட்டிப் போட்டுவிடும்.

கார்பன் எப்படி உண்டாகிறது?

பெட்ரோல் என்பது கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த கலவை. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். அந்த அளவு சரியாகக் கிடைத்து, வெப்பமும் போதுமானதாக இருந்தால் கார்பன் வாயுவாக மாறி எக்ஸோஸ் வழியே வெளியேறிவிடும். காற்று குறைந்தாலோ, இஞ்சின் இன்னும் சூடேறாமல் இருந்தாலோ, எரிந்தும் எரியாத மிச்சம் கறுப்பாக ஒட்டிக்கொள்கிறது. அடுப்பில் விறகு சரியாக எரியாதபோது பானையின் அடியில் கரி பிடிப்பதைப் போன்றது இது.

பெட்ரோலோடு இன்னொரு காரணமும் உண்டு. மினியாக் ஹித்தாம் என்று பட்டறைகளில் சொல்லப்படும் இஞ்சின் எண்ணெயின் ஆவி, பிசிவி வால்வு என்ற சிறு பாகத்தின் வழியாக மீண்டும் காற்றுப் பாதைக்கு அனுப்பப்படுகிறது. அந்த எண்ணெய் ஆவி சூடான வால்வின் மீது பட்டு, வறண்டு, கெட்டியான கரியாகிவிடுகிறது.

வீட்டிலிருந்து பள்ளிக்கு, பள்ளியிலிருந்து சந்தைக்கு என்று ஐந்து பத்து நிமிடங்கள் மட்டும் ஓடி நிற்கும் கார்களில் கார்பன் விரைவாகச் சேரும். இஞ்சின் முழு வெப்பத்தை அடையுமுன்பே நிறுத்தப்படுவதுதான் காரணம். பள்ளி வாசலில் குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் இஞ்சினை ஓடவிட்டுக் காத்திருப்பதும் அப்படித்தான்.

படியும் இடங்கள் ஐந்து

முதலாவது, திராட்டல். எண்ணெய் மிதியை அழுத்தும்போது காற்றை உள்ளே விடும் வட்டக் கதவு இது. இதன் ஓரத்தில் பிசுபிசுப்பான கறுப்புப் படலம் சேரும்.

இரண்டாவது, இன்ஜெக்டர் முனை. பெட்ரோலைப் பனித்துளி போலத் தூவ வேண்டிய மெல்லிய துளைகள் அடைபட்டால், அது தூவுவதற்குப் பதிலாக ஒழுகும்.

மூன்றாவது, காற்று உள்வரும் வால்வின் பின்புறம். இங்கே படிவது தடிப்பாக வளர்ந்து காற்றின் வழியை அடைக்கும்.

நான்காவது, பிஸ்டனின் தலைப்பகுதியும் எரியும் அறையும். இங்கே கரி தடித்தால் அறையின் இடம் குறைந்து அழுத்தம் கூடும். கரியின் சூடான முனைகள் பெட்ரோலை நேரத்துக்கு முன்பே எரியவைக்கும்.

ஐந்தாவது, பிஸ்டன் ரிங் உட்காரும் பள்ளம். இங்கே கரி இறுகினால் ரிங் அசையாமல் ஒட்டிக்கொண்டு, இஞ்சின் எண்ணெய் மேலேறி எரியத் தொடங்கும்.

உங்கள் கார் எந்த வகை?

பட்டறைக்குப் போகும் முன் தெரிந்திருக்க வேண்டிய முக்கியமான தகவல் இதுதான்.

1985-இல் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகாவில் கார்புரேட்டர் இருந்தது. அதற்குப் பின் வந்த பெரும்பாலான உள்நாட்டுக் கார்களில் இன்ஜெக்டர், வால்வுக்கு முன்னால் உள்ள காற்றுக் குழாயில் பெட்ரோலைத் தூவுகிறது. பெரோடுவா மைவி, அக்ஸியா, பெஸ்ஸா ஆகியவை இந்த வகை. இவற்றில் தூவப்படும் பெட்ரோல் வால்வின் பின்புறத்தைக் கழுவிக்கொண்டே போகிறது. பெட்ரோலில் கலந்திருக்கும் சுத்திகரிப்பு மருந்தும் அங்கே வேலை செய்கிறது. அதனால் இந்தக் கார்களில் வால்வில் தடிப்பான கரி சேருவது குறைவு. திராட்டலும் இன்ஜெக்டரும்தான் பெரும்பாலும் கவனிக்க வேண்டியவை.

இரண்டாவது வகை, நேரடி இன்ஜெக்‌ஷன். இதில் பெட்ரோல் சிலிண்டருக்குள்ளேயே நேராகப் பாய்கிறது. 1996-இல் மிட்சுபிஷி நிறுவனம் கெலன்ட் காரில் இந்த முறையைப் பெருமளவு உற்பத்திக்குக் கொண்டுவந்தது. 2018-இல் வந்த புரோட்டோன் எக்ஸ்70, 2020-இல் வந்த எக்ஸ்50-இன் உயர்தர ரகம், மஸ்டாவின் ஸ்கைஆக்டிவ் பெட்ரோல் கார்கள், பல ஐரோப்பிய கார்கள் எல்லாம் இந்த வகை. எண்ணெய்ச் சிக்கனமும் இழுவை சக்தியும் கூடும். ஆனால் வால்வின் பின்புறத்தில் ஒரு சொட்டு பெட்ரோலும் படாது. எண்ணெய் ஆவி மட்டுமே பட்டுப்பட்டுக் கரி தடிக்கும். இதைத் தவிர்க்கத்தான் டோயோட்டா போன்ற நிறுவனங்கள் சில இஞ்சின்களில் இரண்டு வகை இன்ஜெக்டர்களையும் சேர்த்தே பொருத்துகின்றன.

டர்போ இருந்தாலே நேரடி இன்ஜெக்‌ஷன் என்று நினைக்கக்கூடாது. 2020-இல் வந்த எக்ஸ்50-இன் மற்ற ரகங்களிலும் டர்போ உண்டு. ஆனால் பெட்ரோல் காற்றுக் குழாயில்தான் தூவப்படுகிறது. காரின் கையேட்டைப் பார்த்தோ, விற்பனை நிலையத்தில் கேட்டோ உறுதி செய்துகொள்வது நல்லது.

அறிகுறி என்ன சொல்கிறது?

நிற்கும்போது நடுக்கம், குளிர்சாதனத்தைப் போட்டால் இஞ்சின் அணைந்துபோவது: முதலில் திராட்டலைப் பார்க்க வேண்டும்.

காலையில் முடுக்கும்போது இருமல், மிதித்தால் தயங்கித் தயங்கி ஏறுவது: பிளக், இக்னிஷன் கோயில், இன்ஜெக்டர் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். நேரடி இன்ஜெக்‌ஷன் கார் என்றால் வால்வையும் பார்க்க வேண்டும்.

பினாங்கு பாலத்தின் நடு மேட்டிலோ பாலிக் பூலாவ் மலைச்சாலையிலோ ஏறும்போது 'டிக் டிக்' என்று சில்லறை குலுங்குவது போன்ற ஓசை: எரியும் அறையில் கரி தடித்திருக்கலாம். இஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாவதும் காரணமாக இருக்கலாம்.

நீலப் புகை, இஞ்சின் எண்ணெய் அடிக்கடி குறைவது: ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்திருக்கலாம். எத்தனை முறை கார்பன் சுத்தம் செய்தாலும் தேய்ந்த பாகம் சரியாகாது.

கறுப்புப் புகை: பெட்ரோல் அதிகமாகப் போகிறது. ஏர் பில்டர், ஆக்சிஜன் சென்சார், ஒழுகும் இன்ஜெக்டர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

சூடேறிய பின்னும் நிற்காத வெள்ளைப் புகை: குளிரூட்டும் நீர் சிலிண்டருக்குள் போகிறதா என்று உடனே சோதிக்க வேண்டும். இதற்கும் கார்பனுக்கும் தொடர்பில்லை.

மீட்டரில் இஞ்சின் விளக்கு எரிந்தால், பட்டறையில் ஸ்கேனர் வைத்துக் குறியீட்டைப் படிக்கச் சொல்ல வேண்டும். பி0300 என்றால் சிலிண்டர்களில் சரியாக எரியவில்லை என்று பொருள். பி0301, பி0302 என்று வந்தால் கடைசி எண் எந்தச் சிலிண்டர் என்பதைச் சொல்லும். விளக்கு விட்டுவிட்டு மின்னினால் காரைத் தொடர்ந்து ஓட்டக்கூடாது. எரியாத பெட்ரோல் எக்ஸோஸில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். ஒரு பிளக்கில் முடிந்திருக்க வேண்டிய செலவு ஆயிரக்கணக்கில் போய் நிற்கும்.

நீக்கும் முறைகளும் அவற்றின் எல்லையும்

எண்ணெய்த் தொட்டியில் ஊற்றும் மருந்து: விலை மலிவு; யாரும் செய்யலாம். பாலிஈதர் அமைன், சுருக்கமாக பி.இ.ஏ., என்ற பொருள் உள்ள மருந்து இன்ஜெக்டர் முனையையும் எரியும் அறையையும் சுத்தம் செய்யக்கூடியது. காற்றுக் குழாயில் பெட்ரோல் தூவும் கார்களில் வால்வுக்கும் உதவும். நேரடி இன்ஜெக்‌ஷன் கார்களில் இந்த மருந்து வால்வின் பின்புறத்தைத் தொடவே தொடாது. தொட்டியில் எண்ணெய் குறைந்திருக்கும்போது மருந்தை ஊற்றி, பிறகு எண்ணெய் நிரப்பி, நெடுஞ்சாலையில் சீராக ஓட்ட வேண்டும். புட்டியில் சொன்ன அளவுக்கு மேல் ஊற்றக்கூடாது. இஞ்சின் எண்ணெய் மாற்றும் நாளுக்குச் சற்று முன்பு செய்வது சிறந்தது.

திராட்டல் சுத்தம்: குறைந்த செலவில் கண்ணுக்குத் தெரியும் பலன் தரும் வேலை இது. நிற்கும்போது நடுங்கும் பல மைவி, சாகா கார்களுக்கு இதுவே போதும்.

காற்றுப் பாதையில் தெளிக்கும் நுரை அல்லது மருந்து: இஞ்சின் ஓடும்போது காற்றுக் குழாய் வழியாக மருந்தைச் செலுத்துவார்கள். மெல்லிய படிவை இளக்கும். இறுகிய கரியை முழுதாக நீக்காது. டர்போ உள்ள நேரடி இன்ஜெக்‌ஷன் கார்களில் இளகிய கரித்துண்டுகள் டர்போவைத் தாக்கும் ஆபத்து இருப்பதால் சில தயாரிப்பாளர்கள் இம்முறையை வேண்டாம் என்கின்றனர். கையேட்டைப் பார்க்காமல் சம்மதிக்கக்கூடாது.

ஹைட்ரஜன் வாயுச் சுத்தம்: நீரை மின்சாரத்தால் பிரித்து, கிடைக்கும் வாயுவைக் காற்றுக் குழாய்க்குள் விட்டு இஞ்சினை ஓடவிடும் முறை இது. 'எதையும் கழற்றாமல் எல்லாவற்றையும் சுத்தம் செய்யும்' என்று விளம்பரம் செய்யப்படுகிறது. இந்த வாயு எரிவது சிலிண்டருக்குள்தான். வால்வின் பின்புறம் தீச்சுடர் படாத இடம். அங்கே இறுகிய கரியை இது அகற்றும் என்று எதிர்பார்ப்பதற்கு இடமில்லை.

வால்நட் ஓட்டுத் தூள்: நேரடி இன்ஜெக்‌ஷன் கார்களின் வால்வுக் கரிக்கு நம்பகமான வழி இது. காற்றுக் குழாயைக் கழற்றி, வால்வு மூடிய நிலையில், அரைத்த வால்நட் ஓட்டைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சி அடிப்பார்கள். உலோகத்தைக் கீறாமல் கரியை மட்டும் பெயர்க்கும் அளவுக்கே அந்த ஓடு கெட்டியானது. இதற்கெனக் கருவியும் பழகிய கையும் வேண்டும். செலவு நூற்றுக்கணக்கில் ஆகும்.

ஹெட்டைக் கழற்றிச் சுரண்டுவது: கடைசி வழி. ஹெட் கேஸ்கெட் எரிந்திருந்தாலோ வால்வு சீலை மாற்ற வேண்டியிருந்தாலோ, ஹெட்டைத் திறந்த கையோடு கரியையும் சுரண்டிவிடலாம். கார்பனுக்காக மட்டும் ஹெட்டைக் கழற்றுவது இன்றைய கார்களில் அபூர்வமாகத்தான் தேவைப்படும். மோரிஸ் மைனர் காலத்தில் இது சில ஆயிரம் மைலுக்கு ஒரு முறை வழக்கமாகச் செய்த வேலை. டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்களுக்கும் எக்ஸோஸ் குழாயைக் கழற்றிக் கரியைச் சுரண்டிய பழக்கம் நினைவிருக்கும். பெட்ரோலும் எண்ணெயும் சேர்ந்து எரிந்ததால் அவற்றில் கரி அதிகம். அந்த அனுபவத்தை இன்றைய இன்ஜெக்டர் கார்களுக்கு அப்படியே பொருத்த முடியாது.

டீசல் வண்டிகளின் கதை வேறு. ஹைலக்ஸ் போன்ற வண்டிகளில் எக்ஸோஸ் புகையின் ஒரு பகுதி இஜிஆர் வால்வு வழியாகக் காற்றுப் பாதைக்குத் திரும்புகிறது. புகைக்கரியும் எண்ணெய் ஆவியும் சேர்ந்து அங்கே சேறு போல அடைத்துக்கொள்ளும். இஜிஆர் வால்வையும் காற்றுக் குழாயையும் கழற்றிக் கழுவுவதே முறையான வழி.

வீட்டிலேயே திராட்டலைச் சுத்தம் செய்ய

ஓரளவு கைப்பழக்கம் உள்ளவர்கள் மட்டுமே செய்யலாம். இஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும்; சாவி அணைந்திருக்க வேண்டும். காற்றோட்டமான இடத்தில், சிகரெட்டோ தீயோ அருகில் இல்லாமல், கையுறையும் கண்ணாடியும் அணிந்து தொடங்க வேண்டும். மருந்து எளிதில் தீப்பற்றும் என்பதை மறக்கக்கூடாது. பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

ஏர் பில்டரிலிருந்து வரும் குழாயைக் கழற்றினால் திராட்டல் கதவு தெரியும். திராட்டலுக்கென விற்கப்படும் மருந்தைத் துணியில் தெளித்து, கதவின் ஓரத்தையும் உட்சுவரையும் மெதுவாகத் துடைக்க வேண்டும். கார்புரேட்டர் மருந்து சில திராட்டல்களின் பூச்சைக் கெடுத்துவிடும். கேபிள் இல்லாத மின்னணுத் திராட்டல் என்றால் கதவை விரலால் பலமாகத் தள்ளக்கூடாது. உள்ளே உள்ள பற்சக்கரம் உடையலாம். காற்றளவு சென்சாரில் இந்த மருந்து படக்கூடாது. அதற்குத் தனி மருந்து உண்டு.

குழாயை மாட்டி முடுக்கும்போது சற்று நேரம் புகை வரலாம். இஞ்சின் வேகமும் கூடுதலாக இருக்கலாம். கொஞ்ச தூரம் ஓடியபின் பெரும்பாலும் சீராகும். சீராகாவிட்டால் பட்டறையில் ஸ்கேனர் வைத்துத் திராட்டலின் நிலையை மறுபடி பதிவு செய்ய வேண்டும்.

செய்யக்கூடாத ஒன்றும் உண்டு. ஓடும் இஞ்சினின் காற்றுக் குழாயில் தண்ணீரை ஊற்றினால் கரி போய்விடும் என்று சிலர் செய்து காட்டுவதுண்டு. தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது. அளவு சற்றுக் கூடினாலும் பிஸ்டனைத் தாங்கும் ராடு வளைந்து இஞ்சினே போய்விடும்.

சேராமல் பார்த்துக்கொள்ள

இஞ்சின் எண்ணெயைக் கையேட்டில் சொன்ன ரகத்தில், சொன்ன காலத்தில் மாற்ற வேண்டும். பிசிவி வால்வு விலை குறைந்த பாகம்; சர்வீசின்போது அதைச் சோதிக்கச் சொல்லலாம். ஏர் பில்டரையும் பிளக்கையும் தவணை தவறாமல் மாற்ற வேண்டும். வாரம் ஒரு முறையாவது இஞ்சின் முழுமையாகச் சூடேறும்படி வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் இருபது முப்பது நிமிடங்கள் சீராக ஓட்டுவது உதவும். வேக வரம்பை மீற வேண்டியதில்லை. ஆளில்லாத சாலையில் 'கார்பனை எரிக்க' என்று முழு வேகத்தில் விரட்டுவது ஆபத்தைத்தான் தரும்.

ரோன் 97 ஊற்றினால் கார்பன் போய்விடும் என்பதும் தவறான எண்ணம். ரோன் எண் என்பது பெட்ரோல் நேரத்துக்கு முன்பே எரியாமல் தாங்கும் திறனைக் குறிக்கும். சுத்திகரிப்பு மருந்து அதற்குத் தொடர்பில்லாமல் தனியாகக் கலக்கப்படுவது. அமெரிக்காவில் 1995 முதல் எல்லா ரகப் பெட்ரோலிலும் அந்த மருந்து கட்டாயம். இங்கே 2009-இல் ரோன் 92-க்குப் பதிலாக ரோன் 95 வந்தது. கையேட்டில் ரோன் 95 போதும் என்றிருந்தால், கார்பனை நினைத்து விலை கூடிய எண்ணெய் ஊற்றத் தேவையில்லை.

பட்டறையில் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

ஒன்று: கார்பன் எந்த இடத்தில் இருக்கிறது? இரண்டு: அதை எப்படிப் பார்த்தீர்கள்? பிளக் துளை வழியாகச் சிறு கேமராவை விட்டு பிஸ்டன் தலையைப் பார்க்க முடியும். காற்றுக் குழாய் வழியாக வால்வைப் பார்க்க முடியும். காட்டச் சொல்லிக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். மூன்று: நீங்கள் சொல்லும் முறை அந்த இடத்தை எட்டுமா? நான்கு: மொத்தச் செலவு எவ்வளவு, எழுதித் தர முடியுமா? வேலையில் தெளிவு உள்ள பட்டறைக்காரர் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்க மாட்டார்.

ரசீதைக் கட்டாயம் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். செய்யாத வேலைக்குப் பணம் வாங்கப்பட்டாலோ, செய்த வேலையால் கார் பழுதானாலோ, மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான இழப்பீட்டுக்கு மூன்று ஆண்டுகளுக்குள் மனு செய்யலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட். வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. பினாங்கு பயனீட்டாளர் சங்கத்திலும் ஆலோசனை கேட்கலாம்.

நடுங்கும் காரை முதலில் ஸ்கேனரில் வைத்துப் பாருங்கள். பிளக், ஏர் பில்டர், திராட்டல் என்று மலிவானதிலிருந்து தொடங்குங்கள். நிபோங் திபாலில் ஓடும் பெரும்பாலான மைவி, சாகா கார்களுக்கு அதற்கு மேல் போக வேண்டியிருக்காது.